கப்பல் வந்த வரிசை

நவம்பர் மாதத்தில் போர்ட் பிளேயரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அபர்டீன் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் அண்ணாச்சியின் டீக்கடை. விளக்கைப் போட்டுவிட்டு அவர் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பெஞ்சில் என் அக்கா மகனும் அவன் சிநேகிதனும் அரை மணி நேரமாகச் சண்டை. கையில் ஆளுக்கொரு காகிதம், அதில் ஒன்று முதல் ஆறு வரை எண்கள். அண்ணாச்சி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, பங்க் பங்க்குங்கானுவளே, பெட்ரோல் பங்க்கா? எங்க போடப் போறானுவ?”

“அது இல்ல அண்ணாச்சி. அது ஒரு பாட்டு வகை.”

“அப்ப நாங்க பின்னால முடி வளத்து வச்சுக்கிட்டுத் திரிஞ்சோமே, அந்தப் பங்க்கா?”

அது கொஞ்சம் பக்கத்தில் வந்த பதில்தான். டீ வந்தது. சொல்ல ஆரம்பித்தேன்.

1976-ஐ நினைத்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. இங்கே ‘அன்னக்கிளி’ வந்த வருஷம். லண்டனில் அப்போது வேலையில்லாத இளவட்டங்கள் நிறைய. ரேடியோவில் வந்த ராக் பாட்டெல்லாம் பணக்காரக் கச்சேரியாகிவிட்டிருந்தது. ஒரு கிட்டார் வாசிப்பே பத்து நிமிஷம் நீளும். அதைக் கேட்டுச் சலித்த பையன்கள், கிட்டாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்றார்கள். சின்னப் பாட்டு, வேகம், கோபம். அதுதான் பங்க். அந்த வருஷம் சேர்ந்த குழுக்களில் ஒன்று ‘தி கிளாஷ்’. பாடியவர் ஜோ ஸ்ட்ரம்மர். அவர் அப்பா வெளிநாட்டுத் தூதரக உத்தியோகஸ்தர். அந்த அப்பா பிறந்தது நம் லக்னோவில்.

“அவனுவ எத்தனை படத்துக்குப் போட்டானுவ?”

படத்துக்கு இல்லை, தனி ஆல்பம். மொத்தம் ஆறு. 1977-ல் முதலாவது, 1985-ல் கடைசி.

அண்ணாச்சி கரண்டியை வைத்துவிட்டார். “ஆறுக்கா இந்தச் சண்ட?”

ஆறாக இருப்பதால்தான் சண்டை. இளையராஜா ஆயிரம் படத்துக்கு மேல் போட்டிருக்கிறார். அவற்றை யாராலும் வரிசைப்படுத்த முடியாது. ஆளுக்குப் பத்து சொன்னால் ஒருவர் பத்து இன்னொருவர் பத்தோடு மோதவே மோதாது. ஆறு என்றால் தப்பிக்க இடமில்லை. எதையாவது மேலே வைத்தால் எதையாவது கீழே தள்ளியாக வேண்டும்.

பையன்கள் இருவரின் காகிதத்தையும் வாங்கிப் பார்த்தேன். அக்கா மகன் முதலிடம் கொடுத்தது மூன்றாவது ஆல்பமான ‘லண்டன் காலிங்’குக்கு. உலகத்தில் பெரும்பாலோர் சொல்வதும் அதுதான். இரட்டைத் தட்டு, பத்தொன்பது பாட்டு, ஒற்றைத் தட்டு விலைக்கே கொடுத்தார்கள். பங்க்கோடு ரெக்கே, ஜாஸ், பழைய ராக் அண்ட் ரோல் எல்லாம் அதில் கலந்து ஓடும். அட்டையில் ஒருவர் கிட்டாரைத் தரையில் ஓங்கி அடிக்கும் படம். எடுத்த பென்னி ஸ்மித்துக்கு அதைப் போடவே விருப்பமில்லை, ஃபோகஸ் சரியில்லையாம். சிநேகிதன் அதை இரண்டாவதாக வைத்துவிட்டு, 1977-ன் முதல் ஆல்பத்தை உச்சியில் வைத்திருந்தான். சில வார இறுதிகளில் பதிந்து முடித்த தட்டு அது. அந்தப் பச்சைக் கோபம் பிறகு அவர்களிடமே திரும்பவில்லை என்பது அவன் கட்சி.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நியாயத்தை வைத்து இந்தச் சண்டை தீராது. யாருக்கு எது முதலில் வந்து சேர்ந்தது என்று கேட்டால் பாதி விளங்கிவிடும்.

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன், அண்ணாச்சி. முதல் ஆல்பம் இங்கிலாந்தில் 1977 ஏப்ரலில் வந்தது. அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் கேட்டுப் பார்த்தார்கள். ஒலிப்பதிவு கரடுமுரடு, ரேடியோவுக்கு ஆகாது என்று வெளியிடாமல் வைத்துவிட்டார்கள். 1978 கடைசியில் இரண்டாவது ஆல்பம் வந்தது. அதற்கு அமெரிக்கத் தயாரிப்பாளர், ஒலி பளபளப்பு. அதை மட்டும் வெளியிட்டார்கள். முதலாவது அங்கே கடைக்கு வந்தது 1979 ஜூலையில். அதுவும் நாலு பாட்டைக் கழற்றிவிட்டு, வேறு ஐந்தைச் செருகி. இறக்குமதித் தட்டைத் தேடிப் பிடித்தவர்களைத் தவிர மற்ற அமெரிக்கர்களுக்கு மூத்தவன் இரண்டாவதாகத்தான் பிறந்தான், அதுவும் வேறு முகத்தோடு. லண்டன்காரரும் நியூயார்க்காரரும் “முதல் ஆல்பம்” என்று ஒரே பெயரைச் சொல்லி வாதாடினாலும் கையில் இருப்பது ஒன்றல்ல.

இன்னொரு வேடிக்கை. ‘லண்டன் காலிங்’ இங்கிலாந்தில் வந்தது 1979 டிசம்பர். அமெரிக்காவுக்குப் போனது 1980 ஜனவரி. ஆகவே ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை 1989-ல் எண்பதுகளின் சிறந்த ஆல்பம் என்று அதற்கே முதலிடம் கொடுத்தது. ஒரு மாதம் தாமதமாக வந்து இறங்கியதால் ஒரு பத்தாண்டையே பரிசாக வாங்கிய தட்டு.

அண்ணாச்சிக்கு இது சட்டென்று பிடிபட்டது. தீவுக்காரர் அல்லவா. “கப்பல் லேட்டுன்னு சொல்லுத” என்றார்.

அதேதான். எண்பதுகளில் நாங்கள் பாட்டு கேட்டது அப்படித்தானே. சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல். ஹேடோவில் வந்து கட்டினால் அரிசி, வெங்காயத்தோடு கேசட்டும் இறங்கும். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொன்று. அந்த ஜோடி யார் முடிவு செய்ததோ, எங்கள் தலைமுறைக்கு அந்த இரண்டு படமும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். சென்னையில் பழசாகிப்போன பாட்டு இங்கே மூன்று மாதம் கழித்துப் புதுசாக ஓடும். இன்றைக்கும் என்னை ராஜா பாட்டை வரிசைப்படுத்தச் சொன்னால் ‘சிறைச்சாலை’யை மேலே வைப்பேன். 1996-ல் வந்த பிரியதர்ஷன் படம், இங்கே செல்லுலார் சிறைக் கதை. அதைவிட நல்ல பாட்டு அவர் நூறு போட்டிருப்பார், தெரியும். இருந்தாலும் நம் ஊர் பெயர் சொல்லி வந்த பாட்டு.

பையன்கள் விஷயத்திலும் கப்பல் இருந்தது. பென் டிரைவ் வடிவத்தில். அக்கா மகன் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தவன். ஆறு ஆல்பமும் போனிலேயே கிடைத்தது. எல்லோரும் முதலில் தட்டும் ‘லண்டன் காலிங்’கையே அவனும் தட்டினான். சிநேகிதன் தீவைவிட்டு நகராதவன். அப்போது இங்கே இன்டர்நெட் சாட்டிலைட் வழி. ஒரு பாட்டு முழுசாக ஓடுவதற்குள் டீ ஆறிவிடும். அவன் அண்ணன் மெயின்லேண்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொடுத்த பென் டிரைவில் இருந்தது முதல் ஆல்பம் முழுசும், நாலாவதான ‘சாண்டினிஸ்டா!’வில் பாதியும்.

இந்தப் பாதி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘சாண்டினிஸ்டா!’ 1980 டிசம்பரில் வந்த மூன்று தட்டு ஆல்பம். ஆறு பக்கம், பக்கத்துக்கு ஆறாக முப்பத்தாறு பாட்டு. விலையைக் குறைத்து விற்பதற்காகத் தங்கள் ராயல்டியில் ஒரு பங்கையே விட்டுக்கொடுத்தார்கள். ரெக்கே, ராப், குழந்தைகள் பாடுவது, டேப்பைத் தலைகீழாக ஓட்டுவது என்று கையில் கிடைத்ததெல்லாம் உள்ளே. நாற்பது வருஷத்துக்கும் மேலாக ரசிகர்கள் பேசும் பேச்சு, இதில் பாதியை வெட்டியிருந்தால் இதுதான் உச்சம் என்பது. இந்தப் பையனுக்கு அது வெட்டியே வந்து சேர்ந்தது! பதினெட்டு பாட்டு, அப்பழுக்கில்லை. பல வருஷம் அதை இரண்டாம் இடத்தில் வைத்திருந்தான்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்து சேர்ந்தது. மிச்சப் பதினெட்டும் வந்தன. ‘சாண்டினிஸ்டா!’ நாலாம் இடத்துக்கு இறங்கியது. “கேபிள் வராமலே இருந்திருக்கலாம் மாமா” என்றான் என்னிடம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த உதிரிகள் இல்லாவிட்டால் அவர்கள் எவ்வளவு தூரம் ஓடிப் பார்த்தார்கள் என்பதே தெரியாமல் போகும்.

ஆறாவது ஆல்பத்துக்கு மட்டும் சண்டையில்லை. இரண்டு காகிதத்திலும் கடைசி. அதற்குள் கிட்டார் வாசித்த மிக் ஜோன்ஸையும் டிரம்மரையும் வெளியே அனுப்பிவிட்டிருந்தார்கள். 2013-ல் குழுவின் தட்டுகளையெல்லாம் ஒரு பெட்டியாகப் போட்டபோது இதைச் சேர்க்கவே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடாத சித்தப்பா மாதிரி.

“அப்ப அஞ்சாவது?” என்றார் அண்ணாச்சி. எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்.

‘காம்பாட் ராக்’, 1982. அமெரிக்காவில் நன்றாக விற்றது. அக்கா மகன் போனில் அதிலிருந்து ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ பாட்டைப் போட்டான். இங்கிலாந்தில் மூடப்பட்ட இரும்பாலைகள், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகள், எந்த நாடும் வேண்டாமென்று சொன்னவர்கள். இவர்களைப் பற்றிய பாட்டு. மெதுவாக, மிதந்துபோகும் கிட்டார். நாலு நொடிகூட ஆகியிருக்காது.

“நம்ம பொண்ணு பாட்டுல்லா இது!” என்றார் அண்ணாச்சி. “ரகுமானுக்கு ஆஸ்கார் கெடச்ச படத்துல வருமே, துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் எல்லாம் வச்சு. இவன் எங்கேருந்து எடுத்தான்?”

அவர் சொன்னது எம்.ஐ.ஏ. என்கிற மாயாவின் ‘பேப்பர் பிளேன்ஸ்’. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டனுக்கே திரும்பிய பெண். அப்பா பெயரில் ‘அருளர்’ என்று ஓர் ஆல்பம், அம்மா பெயரில் ‘கலா’. அமெரிக்க விசா கிடைக்காமல் இழுபறியானபோது ஊர் ஊராகப் போய், சென்னைக்கும் வந்து உருமி மேளத்தோடு பதிந்தது இரண்டாவது. அதில்தான் அந்தப் பாட்டு. விசாவையும் குடியேறிகளையும் பற்றியது. அடியில் ஓடுவது கிளாஷின் கிட்டார். எழுதியவர்கள் பட்டியலில் அந்தக் குழுவின் நால்வர் பெயரும் உண்டு.

“எடுத்தது இவள்தான் அண்ணாச்சி. அவங்களது 1982. இவளது 2007. இருபத்தஞ்சு வருஷம் முன்னால வந்தது அது.”

அண்ணாச்சி காலி கிளாஸ்களைப் பொறுக்கி வாளியில் போட்டார்.

“லண்டனுக்கு முன்னால வந்திருக்கும். எங்கடைக்கு அவதான் முன்னால வந்தா” என்றவர், பையன்கள் பக்கம் திரும்பினார். “ஏலே, அந்த அஞ்ச மேல தூக்கி வைங்கல.”