மரத்தடியில் ஒரு வின்செஸ்டர்

காட்டில் ஒரு மரத்தின் மேல் சாய்த்துவைத்த துப்பாக்கி, யார் கண்ணிலும் படாமல் பல்லாண்டுகள் அப்படியே நிற்குமா?

நின்றிருக்கிறது! அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இருக்கிறது கிரேட் பேசின் தேசியப் பூங்கா. 2014 நவம்பரில் அங்கே ஆய்வுக்குப் போன தொல்லியலாளர்கள், ஒரு ஜூனிபர் மரத்தடியில் பழைய வின்செஸ்டர் துப்பாக்கியைப் பார்த்தார்கள். வெயிலிலும் பனியிலும் நின்று அதன் மரக்கட்டை வெளுத்து, விரிசல் விட்டு, மரத்தின் நிறமாகவே மாறிப்போயிருந்தது. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது.

இதற்கு என்ன வயசு? வயோமிங் மாநிலத்தில், கோடி என்ற ஊரில் ஒரு பெரிய துப்பாக்கி அருங்காட்சியகம் இருக்கிறது. வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் அங்கேதான் உள்ளன. வரிசை எண்ணை வைத்துத் தேடினார்கள். செய்த ஆண்டு 1882!

அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே துப்பாக்கிக்கு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். சுடும் குழலில் குண்டு இல்லை. ஆனால் பின்கட்டைக்குள் இருந்த சின்ன அறையில் ஒரே ஒரு தோட்டா பத்திரமாக இருந்தது. யாருடைய துப்பாக்கி, ஏன் விட்டுப்போனார் என்பதை மட்டும் எந்தப் பதிவேடும் சொல்லவில்லை.

நல்லவேளையாக, அதைத் தேய்த்துப் புதுசாக்காமல், வெளுத்த கோலத்திலேயே பாதுகாத்தார்கள். பழம்பொருளுக்கு அதுதான் உண்மையான மரியாதை. நெவாடா பக்கம் காரில் போகும் வாய்ப்பு வந்தால், கிரேட் பேசின் பூங்காவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்!