பூசணிப் பிஞ்சு ஏன் உதிர்கிறது?

பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பது நம் பாட்டிமார் நம்பிக்கை. இன்றும் சிலர் விரலை மடக்கிக்கொண்டு முகவாயால்தான் பிஞ்சைக் காட்டுவார்கள். பாவம் அந்த விரல், அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. நீங்கள் சுட்டிக் காட்டும் முன்பே அந்தப் பிஞ்சைக் கொடி கைவிட்டிருக்கும்.

தோட்டப்புறத்தை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் தாமான் வீடுகளுக்கு வந்த பிறகும் நம்மவர்கள் மண்ணை விடவில்லை. வேலியோரம் இரண்டு விதை ஊன்றிவிடுகிறார்கள். மாணவர்களின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "சார், கொடி கூரை வரைக்கும் போயிருச்சு, ஒரு பிஞ்சுகூட நிக்கலையே?" உரம், தண்ணீர், கண்ணேறு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் குறை மகரந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

மஞ்சள் பூசணிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும். பூவின் அடியைப் பாருங்கள். மெல்லிய நீண்ட காம்பு மட்டும் இருந்தால் அது ஆண் பூ. கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு இருந்தால் பெண் பூ. ஆண் பூக்கள் ஓரிரு வாரம் முந்திக்கொண்டு வரும். "வெறும் பூவாகக் கொட்டுகிறதே" என்று அப்போதே கவலைப்பட வேண்டாம். மார்கழிக் கோலத்தில் வைக்கப் பூ பறிப்பதானால் ஆண் பூவை மட்டும் பறியுங்கள், அதிலும் சிலவற்றைக் கொடியில் விட்டுவையுங்கள்.

பெண் பூவுக்கு அடியில் இருப்பது இன்னும் காய் ஆகவில்லை. அது சூலகம். உள்ளே நூற்றுக்கணக்கான சூல்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு சூலும் விதையாக ஒரு மகரந்தத்தூள் தேவை. விதைகள் உருவாகத் தொடங்கினால்தான் வளர்ச்சி ஊக்கிகள் சுரந்து காய் பருக்கும். மகரந்தம் வரவே இல்லையென்றால் கொடி அந்தப் பிஞ்சுக்கு உணவு கொடுப்பதை நிறுத்திவிடும். பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கிச் சில நாட்களில் விழும். மகரந்தம் அரைகுறையாக வந்தால் காய் கோணலாக, ஒரு பக்கம் மட்டும் பருத்து நிற்கும்.

பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றால் அதைத் தூக்க முடியாது, பூச்சிதான் சுமக்க வேண்டும். ஆனால் இந்தக் கொடி நம் ஊருக்கு விருந்தாளி. பறங்கிக்காய் என்ற பெயரிலேயே பறங்கியர் இருக்கிறார்கள். அதன் தாயகமான அமெரிக்கக் கண்டத்தில், பூசணிப் பூவையே நம்பி வாழும் தேனீக்கள் உண்டு. மண்ணில் வளை தோண்டிக் குடியிருந்து, விடியும்போதே வேலைக்கு வந்துவிடும். விதை கடல் கடந்து வந்தது, அந்தத் தேனீ வரவில்லை. இங்கே நம் தேனீயும், கெலுலுட் என்னும் கொடுக்கில்லாத சிறு தேனீயும், கருவண்டும் அந்த வேலையைச் செய்கின்றன. சிமெண்ட் போட்ட தாமானில் அவையும் குறைவு. டெங்கிக்குப் புகை அடிப்பது தேவைதான், ஆனால் அந்தப் புகைக்குக் கொசு வேறு தேனீ வேறு என்று தெரியாது.

நேரமும் குறைவு. பூ விடியலில் மலர்ந்து, முற்பகலிலேயே வாடத் தொடங்கிவிடும். வேலை முடிந்து மாலையில் வீடு திரும்புகிறவர் பார்ப்பது மூடிய பூவைத்தான்.

பூச்சியின் வேலையை மனிதன் செய்வது நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில், ஆண் பாளையின் மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து பெண் பாளைகளில் ஊதுவதற்கென்றே தொழிலாளர்கள் இருந்தார்கள். செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். அதுவும் தன் பூச்சியை விட்டுவிட்டு வந்ததுதான். பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து, அந்த வேலையைச் செய்வது ஒரு சிறிய கூன்வண்டு என்று காட்டினார். 1981இல் அந்த வண்டை ஜொகூரின் குளுவாங் பகுதித் தோட்டத்தில் விட்டார்கள். அது நாடெங்கும் பரவியது, கையால் ஊதும் வேலையும் தேவையற்றுப் போனது. உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய தோட்டத்துக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பூசணிக்கு யாரும் வண்டு கொண்டுவரப் போவதில்லை. ஆகவே நீங்கள்தான் வண்டு. காலை ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள், அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து இதழ்களைக் கிழித்து விடுங்கள். நடுவே தூள் படிந்த தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். சூல்முடி மூன்று பிரிவாக இருக்கும், மூன்றிலும் படவேண்டும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ என்றால் இன்னும் நல்லது. அன்றைக்கு உங்கள் கொடியில் ஆண் பூ இல்லையா? பக்கத்து வீட்டு மஞ்சள் பூசணியில் கேட்டு வாங்கலாம்.

மழை ஒரு தொல்லை. மேற்குக் கரையில் 'சுமத்ரா' காற்று விடியற்காலையிலேயே மழையைக் கொண்டுவரும் மாதங்கள் உண்டு. நனைந்த மகரந்தம் கெட்டுவிடும். மறுநாள் மலரப்போகும் மொட்டின் நுனி முதல்நாள் மாலையே மஞ்சளாகத் தெரியும். ஆண், பெண் இரண்டு மொட்டுகளையும் நூலால் தளரக் கட்டிவிட்டு, காலையில் அவிழ்த்துத் தடவி, பெண் பூவை மட்டும் மறுபடி கட்டிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் விழுந்தால், விழுந்த பிஞ்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. பிஞ்சின் மேல் சிறு துளையும் பிசினும்கூடத் தெரியலாம். மகரந்தம் தடவிய பெண் பூ வாடியதும் பிஞ்சைக் காகிதப் பையால் மூடிவிட்டால் ஈ நெருங்காது. விழுந்தவற்றை உரக்குழியில் போடாமல் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள்.

பெண் பூவே வரவில்லை என்றால் கதை வேறு. யூரியாவும் கோழி எருவும் அள்ளிப் போட்ட கொடி இலையிலேயே கொழுத்துப்போகும், நிழலில் நின்றாலும் அப்படித்தான். தழைச்சத்தை நிறுத்தி, வெயில் படும்படி கொடியைத் திருப்பிவிடுங்கள். கொடியில் ஏற்கெனவே இரண்டு மூன்று காய் பருத்துக்கொண்டிருந்தால், புதுப் பிஞ்சு உதிர்வது இயல்பு. அதற்கு மருந்து தேட வேண்டாம்.

காலையில் நேரமே இல்லாதவர்கள் பீர்க்கும் சுரையும் போடலாம். அவற்றின் பூ மாலையில்தான் மலரும், வேலை முடிந்து வந்து தடவினால் போதும். பூசணியைப் பொறுத்தவரை, பூ தடவி ஒரு வாரத்தில் பிஞ்சு கண்ணுக்குத் தெரியப் பருத்திருந்தால் சேர்க்கை நடந்துவிட்டது. காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத பதம் வந்ததும் காம்போடு அறுத்து எடுங்கள்.