பிறந்தநாளைத் தாண்டிக் குதிக்கும் காலண்டர்! தெரியுமா?

கைப்பேசிக் காலண்டரில் ஒரு பிறந்தநாளைப் போட்டு, ‘ஆண்டுதோறும்’ என்று தட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதானே நினைக்கிறோம்? பிப்ரவரி 29-ல் பிறந்தவருக்குப் போட்டுப் பாருங்கள்! காலண்டர் மென்பொருள்களுக்குப் பொதுவான ‘ஐகேலண்டர்’ விதிமுறையின் 2009 பதிப்பு என்ன சொல்கிறது தெரியுமா? இல்லாத தேதியா, கணக்கில் சேர்க்காதே! அதை அப்படியே பின்பற்றினால் மூன்று வருஷம் வாழ்த்தே வராது. ‘ஈமேக்ஸ்’ மென்பொருளின் டைரிக்கோ கொஞ்சம் இரக்கம் உண்டு. லீப் இல்லாத ஆண்டில் மார்ச் 1-ல் நினைவூட்டிவிடும்.

நம் முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29! 1900 லீப் ஆண்டே இல்லை என்பதால், பிறந்த தேதியை அவர் மறுபடி பார்த்தது எட்டு வயதில்! 1995-ல் மறைந்தபோது வயது 99; அந்தத் தேதி வந்ததோ 23 தடவைதான். இதைவிட வேடிக்கை, எக்செலில் 1900 பிப்ரவரி 29 இருக்கிறது! லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த பிழையை, இரண்டும் ஒத்துப்போக வேண்டுமென்று தெரிந்தே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எக்செல் கணக்குப்படி மொரார்ஜிக்கு ஒரு பிறந்தநாள் கூடுதல்!

நண்பர் பிறந்த வருஷம் தெரியாதா? ஆப்பிளின் முகவரிப் புத்தகம் உள்ளுக்குள் 1604 என்று எழுதி வைத்துக்கொள்ளும்! ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்த காலம்! 1604 லீப் ஆண்டு; அதனால் பிப்ரவரி 29-ம் அதில் அடங்கிவிடும். கெட்டிக்காரத்தனம்தான். முகவரி அட்டைகளுக்கான ‘விகார்ட்’ விதிமுறை 2011-ல் வருஷத்துக்குப் பதில் இரண்டு சிறு கோடுகள் போதும் என்றது. கல்யாண நாளுக்குத் தனி இடம் கிடைத்ததும் அந்தப் பதிப்பில்தான்! அதுவரை பிறந்தநாளுக்கு மட்டுமே இடம்.

பிறந்தநாளை கிரீன்விச் நள்ளிரவு என்று நேரத்தோடு சேமித்தால் வந்தது வினை. சென்னையில் அப்போது விடிகாலை 5.30, சரி. நியூயார்க்கிலோ முந்தைய நாள் மாலை! அமெரிக்காவில் இருக்கும் பேத்தி ஒரு நாள் முன்னதாகவே கேக் வெட்டிவிடுவாள். நேரமே இல்லாமல் வெறும் தேதியாக வைப்பதுதான் மருந்து.

ஐகேலண்டருக்கு 2015-ல் வந்த விரிவாக்கம் சீன, யூத, எத்தியோப்பியக் காலண்டர்களுக்கும் வழிவிட்டது. இல்லாத தேதியை விட்டுவிடுவதா, முன்னே பின்னே தள்ளுவதா என்று தேர்ந்தெடுக்கலாம். நட்சத்திரப் பிறந்தநாளுக்கு மட்டும் அதில் வழியில்லை! சந்திரன் 27 நட்சத்திரங்களைச் சுற்றிவர 27.3 நாள், தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள். ஒரே ஆடியில் உங்கள் நட்சத்திரம் இரண்டு முறை வரலாம்!