விம்பமும் நோயும்: காந்தப் பரிவு முறையிலான நோய் நிர்ணயம் பற்றிய ஒரு நோக்கு

மருத்துவக் கருவிகளைப் பற்றி ஆராய்தல் இலக்கிய மாணவர்க்கு உரிய பணியன்று எனச் சிலர் கருதலாம். ஆயின் ஒரு சான்று எத்தகைய சூழ்நிலையில் உருவாயிற்று, அது எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பன பிரதிகளை ஆராய்வோர் நாள்தோறும் எதிர்நோக்கும் வினாக்களே. காந்தப் பரிவு விம்பமாக்கல், அதாவது மக்கள் எம். ஆர். ஐ. ஸ்கான் என வழங்கும் பரிசோதனை, இதே வினாக்களை மனித உடலைப் பொறுத்து எழுப்புகின்றது. இம்முறையாற் பெறப்படும் விம்பம் நோயின் நேரடிப் புகைப்படமன்று. குறித்த பௌதிக நிலைமைகளின் கீழ் உடலிடமிருந்து பெறப்படும் விடையே அது. அவ்விடையை நோயாளரின் வரலாற்றோடு பொருத்தி நோக்கும்போதே நோய் நிர்ணயம் சாத்தியமாகின்றது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இம்முறையின் பௌதிக அடிப்படையை நோக்குவோம். மனித உடலின் நீரிலும் கொழுப்பிலும் ஐதரசன் அணுக்கள் நிறைந்துள்ளன. ஐதரசனின் கருவான புரோத்தன் ஒரு நுண்ணிய காந்தம் போலத் தொழிற்படுவது. வைத்தியசாலைகளிற் பரவலாக உள்ள 1.5 தெஸ்லா வலுவுடைய கருவியின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கானது. அத்தகைய புலத்தினுள்ளும், பத்து இலட்சம் புரோத்தன்களுக்கு ஏறத்தாழ 5 என்ற சிறு தொகையே புலத்தின் திசையில் மிகையாக நிற்கின்றது. அச்சிறு மிகையே விம்பத்தின் மூலப்பொருள். செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடி 40 இலட்சம் அதிர்வுகளையுடைய வானொலி அலை செலுத்தப்படும்போது புரோத்தன்கள் அதனோடு பரிவுற்றுச் சக்தியை ஏற்கின்றன. அலை நின்றதும் முன்னைய நிலைக்கு மீளுகின்றன. மீளுங்காற் பிறக்கும் நலிந்த சமிக்ஞையே கணனியினால் விம்பமாக்கப்படுகின்றது. எக்ஸ் கதிர்ப் படத்திற்போல அயனாக்கும் கதிர்வீச்சு இங்கு இல்லை.

புரோத்தன்கள் மீளும் வேகம் இழையத்துக்கு இழையம் வேறுபடும். அம்மீட்சியும் ஒன்றன்று, வெவ்வேறு கால அளவுகளையுடைய இரு வகை மீட்சிகள் உள. இவற்றுள் எதற்கு முதன்மை அளிப்பது என்பதைப் பரிசோதனையை நடத்துவோரே தீர்மானிக்கின்றனர். ஒரு வகை விம்பத்தில் மூளையைச் சூழ்ந்துள்ள திரவம் கருமையாகத் தோன்றும். மற்றைய வகையில் அதே திரவம் வெண்மையாகத் தோன்றும். மூளை ஒன்றே, கேட்கப்பட்ட வினாக்களே வேறு. விம்பத்தைப் 'பார்க்கிறோம்' என்று கூறுவதிலும் 'வாசிக்கிறோம்' என்று கூறுவதே பொருத்தமுடையது.

இம்முறையின் வரலாறும் மனங்கொளத்தக்கது. 1938 இல் ஐசிடோர் றாபி மூலக்கூற்றுக் கற்றைகளில் இப்பரிவை அளந்தார். 1946 இல் பீலிக்ஸ் புளொக்கும் எட்வேட் பேர்செலும் திண்மங்களிலும் திரவங்களிலும் தனித்தனியே அதனைக் கண்டனர். 1971 இல் றேமண்ட் டமாடியன், எலிகளின் புற்றுக்கட்டிகளில் மீட்சிக் காலம் நீண்டிருப்பதை வெளியிட்டார். 1973 இல் போல் லோட்டபர், இடத்துக்கிடம் சிறிது சிறிதாக வேறுபடும் காந்தப்புலத்தைப் பயன்படுத்தினால் சமிக்ஞை எவ்விடத்திலிருந்து வருகின்றது என அறியலாம் எனக் காட்டினார். நொற்றிங்காம் பல்கலைக்கழகத்துப் பீற்றர் மான்ஸ்பீல்ட் விரைவாக விம்பமாக்கும் வழியை வகுத்தார். 1980 இல் அபடீன் பல்கலைக்கழகத்தினர் தாம் அமைத்த கருவியால் நோயாளரொருவரின் உடலை விம்பமாக்கினர். 2003 ஆம் ஆண்டின் நோபல் பரிசு லோட்டபருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் வழங்கப்பட்டபொழுது, தாம் விடுபட்டமையை எதிர்த்து டமாடியன் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்களை வெளியிட்டார். யாருடைய கண்டுபிடிப்பு என்ற இவ்வழக்கே, பல நாட்டவரின் பல தசாப்த உழைப்பை ஒரு தனிமனிதரின் உடைமையாகக் காணும் மனோபாவத்தின் விளைவு எனலாம். அறிவு சமூகரீதியாக உற்பத்தியாகின்றது. புகழும் ஆக்கவுரிமையும் தனியாருக்கு உரியனவாகின்றன.

டமாடியனின் ஆய்விலிருந்து பிறிதொரு படிப்பினையும் பெறலாம். மீட்சிக் காலத்தை அளந்த மாத்திரத்திலேயே புற்றுநோயை இனங்காணலாம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. நோயுற்ற இழையத்தின் அளவுகளும் நோயற்ற இழையத்தின் அளவுகளும் ஒன்றன்மேலொன்று படிவதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. தனித்து நிற்கும் ஓர் எண் நோயின் பெயரைக் கூறுவதில்லை.

இனி, இம்முறை பெரும் பயன் விளைத்த ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என்பது மூளையிலும் முண்ணாணிலும் நரம்பிழைகளைப் போர்த்துள்ள உறை சிதையும் நோய். பரிஸ் நகர மருத்துவர் ஷார்க்கோ 1868 இல் இதனைத் தெளிவுற விவரித்தார். இது வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் தாக்குவது. ஆகவே இடப் பரம்பல், காலப் பரம்பல் ஆகிய இரண்டையும் நிறுவுவதே நெடுங்காலம் நிர்ணயமாகக் கொள்ளப்பட்டது. முன்னர் முதலாவது தாக்குதலின் பின் இரண்டாவது வரும்வரை மருத்துவர் காத்திருக்க நேர்ந்தது. 2001 இல் மக்டொனல்ட் தலைமையிலான சர்வதேசக் குழு வகுத்த நியமங்கள் காந்தப் பரிவு விம்பத்துக்கு முக்கிய இடமளித்தன. கடோலினியம் சேர்ந்த மருந்தை நாளத்திற் செலுத்தினால், குருதிக்கும் மூளைக்குமிடையிலான தடுப்பு உடைந்துள்ள புதிய புண்களே ஒளிரும், பழையன ஒளிரா. இரண்டும் ஒருங்கே காணப்படின் ஒரே விம்பத்திற் காலப் பரம்பலை வாசிக்கலாம் என 2010 ஆம் ஆண்டின் திருத்தம் ஏற்றுக்கொண்டது. காத்திருப்புக் குறைந்தது, சிகிச்சை முந்தித் தொடங்கலாயிற்று. அசைவற்ற விம்பத்தினுள் நோயின் வரலாற்றைக் காணும் ஆற்றல் இது.

ஆயினும் இதே நோய் விம்பத்தின் எல்லையையும் புலப்படுத்துகின்றது. மூளையில் அகன்ற புண்கள் இருந்தும் ஒருவர் வழமைபோல நடமாடலாம். முண்ணாணிலுள்ள சிறு புண்ணொன்று மற்றொருவரை முடமாக்கலாம். புண்களின் தொகைக்கும் நோயாளரின் இயலாமைக்கும் இடையிலான தொடர்பு தளர்வானதே. முதுகுவலியிலும் இப்பிரச்சினை உண்டு. முதுகுவலி இல்லாத 98 பேரின் முள்ளந்தண்டை விம்பமாக்கிய அமெரிக்க ஆய்வொன்று 1994 இல் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 52 வீதத்தினரிடம் ஓரிடத்திலேனும் முள்ளெலும்பு இடைத்தட்டுப் புடைத்திருந்தது. 36 வீதத்தினரிடமே எல்லாத் தட்டுக்களும் வழமையாக இருந்தன. வலியால் வருந்தும் ஒருவரின் விம்பத்திற் புடைப்புக் காணப்பட்டால் அதுவே வலிக்குக் காரணம் என முடிவுகட்டிச் சத்திரசிகிச்சைக்கு விரைவது எத்துணை ஆபத்தானது என்பதை இது உணர்த்தும். இதற்கு மறுதலையான தவறும் உண்டு. விம்பத்தில் ஒன்றும் தென்படவில்லை என்பதனால் நோயாளரின் முறைப்பாட்டைப் பொய்யெனத் தள்ளுவது அது. வலி நேரடியாக விம்பத்தில் விழுவதில்லை. அவ்வாறு தள்ளப்படுவோருள் பெண்களும் உடலுழைப்பாளரும் முதலில் அகப்படுவர் என்பது நமது கருத்து. அவர்தம் சொல் ஏலவே குறைவாக மதிக்கப்படுவதனாலாகும்.

விம்பத்தை வாசிக்கும் முறை ஒருபுறமிருக்க, அது எவர்க்குக் கிட்டுகின்றது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. மீகடத்திக் காந்தங்கள் சைபருக்குக் கீழ் 269 பாகை செல்சியசு வரை குளிர்ந்த திரவ ஈலியத்தில் இயங்குவன; அவற்றுக்கு மின்சாரமும் பராமரிப்பும் பயிற்சி பெற்ற ஊழியரும் இடையறாது வேண்டும். யப்பானிற் பத்து இலட்சம் மக்களுக்கு 50 க்கு மேற்பட்ட கருவிகள் உள. மேற்காபிரிக்காவிலோ 37 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு 84 கருவிகளே இருந்தன என 2018 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2020 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்ற, 0.064 தெஸ்லா வலுவே உடைய, படுக்கையருகே தள்ளிச் செல்லத்தக்க கருவி, ஈலியம் வேண்டாமலும் சாதாரண மின்னிணைப்பிலும் மூளையை விம்பமாக்குகின்றது. அதன் விம்பம் தெளிவு குறைந்ததே. எனினும் மிகத் தெளிவான விம்பத்தை மிகச் சிலர்க்கு வழங்குவதா, போதிய தெளிவுள்ள விம்பத்தைப் பலர்க்கு வழங்குவதா என்ற வினாவை அது முன்வைக்கின்றது. இவ்வினாவுக்குப் பௌதிகவியல் மட்டும் விடை கூறவியலாது.

விம்பத்தை நிராகரிப்பதும் அதனைத் தெய்வவாக்காகக் கொள்வதும் ஒருபக்கச் சார்பான நோக்குகளே. பிரதியைச் சூழலிலிருந்து பிரித்தெடுத்து வாசிப்போர் பிரதியையே இழப்பது போல, உடலை வாழ்க்கையிலிருந்து பிரித்து வாசிப்போர் நோயாளரை இழக்கின்றனர். நோயாளரின் சொல், மருத்துவரின் கைப்பரிசோதனை, கருவியின் சமிக்ஞை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று திருத்துமிடத்தே நிர்ணயம் உண்மையை அணுகுகின்றது. மருத்துவம் பயிலும் மாணவர்க்கு விம்பத்தை வாசிக்கக் கற்பிக்கையில், நோயாளர் கூறுவதைக் கேட்கவும் அதேயளவு கண்டிப்புடன் கற்பித்தல் வேண்டும்.