கேட்டதும் எழுத வரும் பெயர்

புதிதாக இணையதளம் தொடங்குகிறவர்கள் அதன் நிறத்துக்கும் படங்களுக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். டொமைன் பெயரை மட்டும் அவசரத்தில் பதிவு செய்துவிடுகிறார்கள். நிறத்தையும் படத்தையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கடைப் பலகை, பில், விசிட்டிங் கார்டு, மின்னஞ்சல், வாடிக்கையாளரின் நினைவு என்று எல்லா இடத்திலும் ஏறிவிட்ட பெயரை மாற்றுவது பெரும்பாடு.

1985 மார்ச் 15 அன்று 'சிம்பாலிக்ஸ் டாட் காம்' முதல் டாட் காம் பெயராகப் பதிவானது. அன்று கேட்ட சொல் கிடைத்தது. இன்று எளிய, சிறிய ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் வசம் இருக்கின்றன. மிச்சமிருப்பதை வளைத்து, நடுவில் கோடு போட்டு, கடைசியில் ஓர் எண்ணைச் சேர்த்தாவது எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

போனில் சொல்லிப் பாருங்கள்

நல்ல பெயரைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். இணையத்தில் அதிகம் பழகாத ஒருவருக்குப் போன் செய்து, பெயரை ஒரு முறை மட்டும் சொல்லி, எழுதச் சொல்லுங்கள். பிழையில்லாமல் எழுதிவிட்டால் அந்தப் பெயர் தேறியது.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பதிகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கடைக்குத் 'தாழம்பூ' என்று பெயர் வைப்பதாக வைத்துக்கொள்வோம். 'த'வுக்கு டி மட்டுமா, டி-எச்சா? நெடிலுக்கு ஓர் ஏ-யா, இரண்டா? 'ழ'வுக்கு எல்-லா, இசட்-எச்சா? 'பூ'வின் தொடக்கம் 'P'-யா, 'B'-யா என்று கேட்பதற்குள், அதன் நெடிலுக்கு இரண்டு ஓ-வா, ஒரு யு-வா என்ற கேள்வியும் வந்துவிடும். ஐந்து இடங்களில் இரண்டிரண்டு வழிகள் என்றால் மொத்தம் 32 எழுத்துக்கோவைகள். வாடிக்கையாளர் இவற்றில் எதைத் தட்டச்சு செய்வார்? 'மலர்', 'கனி' போன்ற சொற்களில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. ழகரமும் நெடிலும் வல்லின மயக்கமும் குறைந்த சொல்லைத் தேடுங்கள். விரும்பிய பெயரை விடவே முடியாது என்றால், அதிகம் பேர் எழுதக்கூடிய இரண்டு மூன்று வடிவங்களையும் சேர்த்தே பதிந்து, எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

புள்ளிக்கு முன்னால் 63 எழுத்துகள் வரை விதி அனுமதிக்கிறது. அதற்காக நீட்டி முழக்க வேண்டாம். கோடும் எண்ணும் காதில் விழும்போது குழப்பும். '4' என்பதை எண்ணாக எழுதுவதா, சொல்லாக எழுதுவதா என்று கேட்பவருக்குத் தெரியாது.

அடுத்தவர் பெயருக்கு அருகில் போகாதீர்கள்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, தன் பெயரைச் சுருக்கி 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கியது. ஓர் எழுத்தைக் கூட்டி அதே ஒலியில் டொமைன் பெயர்களைப் பதிந்த இன்னொரு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2004-ல் உச்ச நீதிமன்றம் சிஃபியின் பக்கம் தீர்ப்பளித்தது. வணிகப் பெயருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே ஒரு பெயர் பதிவுக்குக் கிடைக்கிறது என்பதாலேயே அது உங்களுக்கு உரியதாகிவிடாது. பணம் கட்டும் முன் டிரேட்மார்க் பதிவேட்டிலும் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

வளர இடம் விடுங்கள்

2010-ல் சென்னையில் 'ஃப்ரெஷ்டெஸ்க்' தொடங்கப்பட்டபோது அதன் வேலை வாடிக்கையாளர் சேவை மென்பொருள் மட்டும்தான். பல மென்பொருள்கள் சேர்ந்த பின், 2017-ல் நிறுவனம் 'ஃப்ரெஷ்வொர்க்ஸ்' ஆனது. பெரிய நிறுவனத்தால் அந்தச் செலவைத் தாங்க முடிந்தது. இட்லி மாவு விற்பவர் பெயரிலேயே மாவையும் தெருவையும் சேர்த்துவிட்டால், நாளை ஊறுகாய் விற்கும்போது திண்டாடுவார்.

டாட் காமா, டாட் இன்னா?

வெளிநாட்டு வாடிக்கையாளரும் வேண்டும் என்றால் டாட் காம் நல்லது. தொழில் இந்தியாவுக்குள் என்றால் டாட் இன் தாராளமாகப் போதும். 2025-ல் ரிசர்வ் வங்கி, நம் வங்கிகளையே 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறச் சொன்னது. தமிழ் எழுத்திலேயே முடியும் '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' முகவரிகளும் உண்டு. தமிழ் வாசகருக்கான தளம் என்றால் தமிழ் முகவரியையும் கூடவே பதியுங்கள். ஆனால் சில படிவங்களும் மின்னஞ்சல் சேவைகளும் அதை இன்னும் ஏற்பதில்லை என்பதால், அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

பதிவு யார் பெயரில்?

டொமைன் பெயரை யாரும் நிரந்தரமாக வாங்க முடியாது. டாட் காமை ஒரு நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதியலாம். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே 35 டாலர் புதுப்பிப்புக் கட்டணத்தைத் தவறவிட, ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் பலர் தவித்தார்கள். 2018 செப்டம்பரில், மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காட்டிப் பதிவு நிறுவனம், மென்பொருள் நிறுவனமான சோஹோவின் டொமைனையே முடக்கியது. லட்சக்கணக்கானோரின் அன்றாட வேலை சில மணி நேரம் நின்றது. பெயரைப் போலவே, அதைப் பதிந்து தரும் நிறுவனத்தையும் விசாரித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிறு வியாபாரிகளுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தளம் செய்து கொடுத்தவரே தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் டொமைனைப் பதிந்துவிடுகிறார். பிறகு அவருடன் மனஸ்தாபம் வந்தாலும், அவர் தொழிலை விட்டுப் போனாலும், உழைத்துச் சேர்த்த பெயர் உங்கள் கையில் இருக்காது. பதிவு உங்கள் பெயரில், கணக்கு உங்கள் மின்னஞ்சலில், பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் இயக்கி வையுங்கள். ஏற்கெனவே தளம் வைத்திருக்கிறீர்களா? உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள்; வேறொருவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றி வாங்கிவிடுங்கள்.