நஞ்சுக்கொடியைத் தூக்கிப் போடாதீர்கள்

"குழந்தைய அறுப்பீங்களாம்மா?" பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். தைத்து, துணி சுற்றி உங்கள் கையிலேயே தருகிறேன் என்றேன். "முகத்துல மட்டும் கை வைக்காதீங்க." வைக்கவில்லை.

ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்த பெண் குழந்தை. உடம்பெல்லாம் நீர் கோத்து, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. வயிற்றைத் திறக்குமுன் சிரிஞ்சில் உறிஞ்சி அளந்தேன்: 90 மி.லி., வெளிர் மஞ்சள். நெஞ்சறையிலும் நீர். விரிய இடமில்லாமல் நுரையீரல் சிறுத்திருந்தது.

தோல், வயிறு, நெஞ்சறை, இதய உறை என இரண்டு இடங்களிலாவது இப்படி நீர் சேர்ந்தால் ஹைட்ராப்ஸ் என்போம். பல நோய்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது. எடின்பரோ மருத்துவர் பாலன்டைன் 1892-லேயே இதைக் கண்டு எழுதினார். தாய்க்கும் சேய்க்கும் ஆர்.எச். ரத்தம் ஒத்துப்போகாததுதான் முன்பெல்லாம் பெரிய காரணம். 1968-ல் ஆன்டி-டி ஊசி வந்தபின் அது வெகுவாகக் குறைந்தது. இன்று இதயக் கோளாறு, குரோமோசோம் குறை, பார்வோவைரஸ் தொற்று, தலசீமியா என்று தேட வேண்டியிருக்கிறது. வைரஸ் என்றால் அடுத்த பிள்ளைக்கு வருமோ என்று பெரிதாக அஞ்ச வேண்டாம். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த மரபணுக் குறை என்றால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே வீக்கம்தான்.

இந்தக் குழந்தையின் அம்மா கட்டியிருப்பது தாய்மாமனை. இரண்டு வருடத்துக்கு முன்பும் இதேபோல ஒரு குழந்தை போயிருந்தது. அதனால் மரபணுக் குறையாக இருக்கலாம் என்று, குழந்தையின் தொடையில் நகக்கண் அளவு தோலை முதலில் எடுத்து, செல் வளர்க்கும் திரவத்தில் போட்டேன். ஃபார்மலின் பட்டுவிட்டால் செல்கள் செத்துவிடும், நொதியை அளக்க வழியில்லை. நஞ்சுக்கொடி 640 கிராம் இருந்தது. அந்த மாதத்துக்கு இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நுண்ணோக்கியில் அதன் செல்கள் சோப்பு நுரைபோலக் குமிழ் குமிழாகத் தெரிந்தன. உடைபட வேண்டிய கழிவு உள்ளேயே தேங்கிக் கிடக்கிறது என்று பொருள். பீட்டா குளுகுரோனிடேஸ் என்ற நொதி இல்லை என்று தோல் பரிசோதனை உறுதிசெய்தது.

இப்படி ஒரு துயரம் உங்கள் வீட்டில் நேர்ந்தால், தயவுசெய்து, நஞ்சுக்கொடியையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். குழந்தையைத் திறக்க மனம் ஒப்பாதவர்களுக்கு அதுவும் ஒரு துண்டு தோலும் எக்ஸ்ரேயுமே பல நேரம் கைகொடுக்கும்.

அடுத்த முறை பதினோராம் வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்த்துவிடலாம் என்று அந்தத் தம்பதியிடம் சொன்னேன். கணவர் தலையாட்டினார். அவள் மட்டும் கேட்டாள்: "அப்போ மொதல் கொழந்தைக்கும் இதேதானா டாக்டர்?"

இருக்கலாம் என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. அந்தக் குழந்தையின் நஞ்சுக்கொடி பிரசவ அறை வாளியோடு போயிருந்தது.