குடல் கெட்டால் மருந்து ஏறும்

பேதியாகும்போது மாத்திரை போட்டால் உடம்பில் ஒட்டாது என்றுதான் நினைப்போம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் காலையும் இரவும் விழுங்கும் டாக்ரோலிமஸ் இதற்கு நேர்மாறானது. பேதி நாட்களில் ரத்தத்தில் அதன் அளவு கூடிவிடும்.

புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதபடி எதிர்ப்பாற்றலை அடக்கிவைக்கும் மருந்து இது. 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த நுண்ணுயிரியில் கிடைத்தது. விழுங்கியதில் சுமார் கால் பங்குதான் ரத்தத்தை எட்டும். குடல்சுவரில் ஒரு நொதி அதைச் சிதைக்கிறது. ஒரு புரதம் அதைக் குடலுக்குள்ளேயே திருப்பித் தள்ளுகிறது. இந்தச் சேதாரத்தையும் சேர்த்துத்தான் மருத்துவர் அளவு குறிக்கிறார். குடல்சுவர் புண்ணானால் இரண்டு தடைகளும் தளர்ந்து, அதே மாத்திரை அதிகமாக உள்ளே போகிறது. மருந்து மிகுந்தால் கை நடுங்கும், சிறுநீரக ரத்தக்குழாய்கள் சுருங்கும். நீர்ச்சத்தும் வற்றியிருந்தால், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் மளமளவென்று ஏறும்.

பேதிக்குக் காரணம் கிருமியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்ப்பாற்றலை அடக்கக் கூடவே சாப்பிடும் மைக்கோஃபெனோலேட் மாத்திரையே குடலைக் கெடுக்கலாம். கிருமி என்றால் பட்டியல் நீளம். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கும் நோரோவைரஸ் இவர்களிடம் மாதக்கணக்கில் தங்கக்கூடும். உடலில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்த சைட்டோமெகலோ வைரஸ் விழித்துக்கொள்ளலாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரின் கலந்த நீரிலும் பிழைத்திருக்கும், கொதிக்கவைத்தால் சாகும். எது காரணம் என்று மலப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்லும்.

அதனால் மருந்துக்கடை வைத்தியம் இங்கே ஆபத்து. எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் டாக்ரோலிமஸ் அளவை இன்னும் ஏற்றிவிடும். பம்பளிமாஸ் பழமும் அப்படித்தான். மைக்கோஃபெனோலேட்டைத் தாமாக நிறுத்தினால், உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும் அபாயம் உண்டு. குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் வேலை.

பேதி தொடங்கிய அன்றே சிகிச்சை தரும் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். வாந்தியில் மாத்திரை வெளியே வந்திருந்தால், விழுங்கி எவ்வளவு நேரத்தில் என்பதையும் சொல்லுங்கள். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க வரச் சொன்னால், காலை மாத்திரையைப் போடாமல் கையோடு எடுத்துப்போய், ரத்தம் கொடுத்தபின் போட்டுக்கொள்ளுங்கள். போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும்; அதை நம்பி மருந்தைக் குறைக்க நேர்ந்துவிடும்.